யார் போலி?

போலி டாக்டர் கைது என்று செய்தி வந்தது. மாவட்டச் செய்திப் பக்கத்தில் பெரிய படம். மேசை மேல் ஊசிக்குழல், மாத்திரை அட்டைகள், குளுக்கோஸ் பாட்டில், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு ஸ்டெதஸ்கோப் எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பின்னால் மருந்து ஆய்வாளர், நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்து ஆட்கள், போலீஸ்காரர்கள். நடுவில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறவர் எங்கள் காலனிக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். பெயர் வேண்டாம். கஞ்சா பிடித்தாலும் இப்படித்தான் பரப்பி வைத்துப் படம் எடுப்பார்கள்.

‘பத்தாம் வகுப்பு மட்டுமே படித்தவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது உண்மைதான். அந்தப் பத்தாவது முடித்த கையோடு பக்கத்து டவுனில் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார் என்பதும் உண்மை. அதைப் போடவில்லை. முதலில் கூட்டிப் பெருக்கத்தான் வைத்தார்கள். பிறகு ஊசி வேகவைக்க, மருந்து கொடுக்க, ஊசி போட, குளுக்கோஸ் ஏற்ற, வெட்டுக்காயத்துக்குத் தையல் போட. பதினெட்டு வருஷம். டாக்டர் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்திலும், கல்யாணம் காட்சி என்று வெளியூர் போன நாட்களிலும் நோயாளியைப் பார்த்தது அண்ணன்தான். பீஸ் டாக்டர் கல்லாவுக்குப் போனது. கிளினிக்கை மூடிய பிறகு, தறிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு எதிரே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்தார். அதே கை, அதே ஊசி. ஒருவர் பலகைக்குக் கீழே பதினெட்டு வருஷம் சேவையாக இருந்தது, தனியாக உட்கார்ந்த அன்றைக்குக் குற்றமாகிவிட்டது.

அந்தப் பதினெட்டு வருஷத்துக்காக டாக்டர் மேல் யாராவது வழக்குப் போட்டார்களா? தகுதியில்லாதவனை வைத்து வைத்தியம் செய்ததும் குற்றம்தானே?

இதைப் படித்ததும், போலி மருத்துவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வந்துவிட்டதாகச் சில தோழர்கள் நினைக்கலாம். அவர்களுக்கு என் அம்மாவின் இடுப்பெலும்பைத்தான் காட்டவேண்டும்.

அம்மா கிழங்கு மில்லில் வேலை செய்தவள். சேலம் நாமக்கல் பக்கம் சேகோ பேக்டரி தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். காலையில் குத்தவைத்தால் பொழுதுசாய்கிறவரை மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவவேண்டும். முட்டி போய்விட்டது. ஊசிக்காரர் ஒருவரிடம் போனாள். (மேலே சொன்ன அண்ணன் இல்லை, வேறு ஆள்.) வாரம் ஓர் ஊசி, காகிதத்தில் மடித்த மாத்திரை. வலி பறந்துவிட்டது. ‘அந்த ஊசி போட்டா அன்னைக்கே எந்திரிச்சு வேலைக்குப் போயிர்றனே கண்ணு. பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போயிருதே’ என்பாள். இரண்டு வருஷத்தில் முகம் நிலா மாதிரி உப்பியது. சர்க்கரை வந்தது. பிறகு காலை ஊன்ற முடியவில்லை. சேலம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு என்றார்கள். இரண்டு வருஷமாக உடம்பில் ஏறியது அதுதான். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு மக்கிப்போயிருந்தது. அம்மா இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள்.

ஆகவே, போலி மருத்துவம் ஏழைகளின் நண்பன் என்று யாரும் எனக்குப் பாடம் நடத்தவேண்டாம். அந்த ஊசி என் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஆனால் எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது என் அம்மாயியின் கணக்கு.

அம்மாயி எங்கள் காலனியின் மருத்துவச்சி. ஊருக்குள் கவுண்டர் வீடுகளுக்குப் பிரசவம் பார்த்தவர் நாவிதர் வீட்டு அம்மா. அவருக்குக் கண் மங்கி, அவர் மகள்கள் அந்த வேலைக்கு வரமாட்டோம் என்றதும், ராத்திரியில் எங்கள் காலனிக்கு ஆள் வந்தது. ‘ஏ புள்ள, சீக்கிரம் வா’ என்று கூப்பிடுவான், அவள் பேரன் வயசுப் பையன். இவள் ‘இதா வந்தனுங்க சாமி’ என்று ஓடுவாள். முன்வாசல் வழியாகப் போகமுடியாது. கட்டுத்தரை வழியாகத்தான். வயிற்றைத் தடவியே தலை எந்தப் பக்கம் என்று சொல்லுவாள். தனக்கு மிஞ்சினது என்று தெரிந்தால், ‘இது என் கையில ஆகாதுங்க, வண்டி கட்டுங்க’ என்று முதல் நாழிகையிலேயே சொல்லிவிடுவாள். பிள்ளையை எடுத்து, கொடி அறுத்து, நஞ்சுக்கொடியைப் புதைத்து, தீட்டுத்துணியை அள்ளிப்போட்டுவிட்டு வருவாள். அவள் வெளியேறினதும் அவள் உட்கார்ந்த இடத்தில் மஞ்சள்தண்ணி தெளிப்பார்கள். கூலி ஒரு வள்ளம் கம்பு, பழைய சேலை ஒன்று. உயிரைக் கையில் வாங்கிக் கொடுத்தவள் தொட்ட இடம் தீட்டு.

பிறகு அரசாங்கம் வந்தது. சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சில நாள் பயிற்சி கொடுத்து, ஒரு தகரப்பெட்டியும் கொடுத்தார்கள். பிளேடு, நூல், சோப்பு. அம்மாயிக்கு அந்தப் பெட்டி மேல் அவ்வளவு பெருமை. சாகிறவரை கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். ஆனால் கொஞ்ச வருஷத்தில் அந்தப் பயிற்சியும் செல்லாது, வீட்டுப் பிரசவமே பார்க்கக்கூடாது என்றாகிவிட்டது. அவளை உதவியாளாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பிரசவ வார்டைக் கூட்டிக் கழுவ வேண்டுமானால் எங்கள் பெண்கள் போகலாம். நஞ்சுக்கொடியை அள்ளிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டுமானால் எங்கள் பெண்கள் போகலாம். அறிவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அழுக்கை எங்களிடமே விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பிரசவத்தால் தாய்மார்கள் சாவது குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். நல்லது. அதே கணக்கெடுப்பில் 100க்கு ஏறத்தாழ 45 பிரசவம் அறுவைச் சிகிச்சை. அதையும் சேர்த்தே படிக்கவேண்டும். என் பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில்தான். வலியில் கத்தினதற்குத் தொடையில் அடி வாங்கினேன். சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரு பெண் சொன்ன சொல்லை இங்கே எழுதமாட்டேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளை ‘அம்மா’ என்றார்கள். அன்றைக்கு எனக்கு அம்மாயியின் கை வேண்டியிருந்தது.

1992ஐச் சொல்லாமல் விடமுடியாது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். பெண் சிசுக்கொலை என்று நாடே எங்கள் மாவட்டத்தைப் பார்த்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. கள்ளிப்பால் யார் ஊற்றினார்கள் என்ற கேள்வி வந்ததும் எல்லா விரலும் மருத்துவச்சியை நோக்கித்தான் நீண்டது. அம்மாயியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார வைத்தார்கள். ‘கிழவி, எத்தனை கொன்ன?’ மருத்துவச்சி கை படாமல் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முடிவெடுத்தது யார்? நிலம் பிரிந்துபோகும், வரதட்சணை கொடுத்து மாளாது என்று பயந்த வீட்டுத் திண்ணை. 2001 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் பிள்ளைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் பிள்ளைகள். அதற்குள் ஸ்கேன் வந்துவிட்டது. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லுவதைத் தடுக்க 1994இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. ஸ்கேன் மிஷின் ஓட்டத் தெரிந்த மருத்துவச்சி யாரையும் எனக்குத் தெரியாது. அதை ஓட்டியவர்கள் பலகை வைத்திருந்தார்கள். அவர்களை யார் ஸ்டேஷன் தரையில் உட்கார வைத்தது?

பட்டம், பதிவேடு, போலி என்கிற இந்தப் பேச்சு வெள்ளைக்காரன் சட்டத்தோடு வந்தது. அப்படியானால் வெள்ளைக்காரன் ஊரில் அது எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1511-12இல் ஒரு சட்டம் வந்தது. பிஷப்பின் அனுமதி இல்லாமல் யாரும் வைத்தியம் பார்க்கக்கூடாது. வைத்தியத்தைக் கெடுக்கிறவர்கள் என்று அந்தச் சட்டத்தின் முகவுரை யாரைக் காட்டுகிறது தெரியுமா? கொல்லர்களை, நெசவாளர்களை, பெண்களை. தறிச்சத்தத்தில் வளர்ந்த எனக்கு அந்த வரியைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. 1518இல் லண்டனில் மருத்துவர் கல்லூரி நிறுவப்பட்டது. அனுமதி இல்லாமல் வைத்தியம் பார்க்கிறவர்களை விசாரிக்கவும் அபராதம் போடவும் சிறையில் அடைக்கவும் அதற்கு அதிகாரம். 1581இல் மார்கரெட் கென்னிக்ஸ் என்ற பெண் மூலிகை வைத்தியம் பார்த்தாள். ஏழைகளுக்கு அவள் வைத்தியம் செய்யட்டும் என்று எலிசபெத் ராணியின் விருப்பத்தை அமைச்சர் வால்சிங்காம் எழுதியே அனுப்பினார். கல்லூரி முடியாது என்றது. ராணியின் சொல்லைக்கூடத் தள்ளும் அளவுக்கு ஒரு தொழிற்சங்கத்துக்குத் திமிர் இருந்தது.

அதே கல்லூரி தாமஸ் பான்ஹாம் என்பவரைச் சிறையில் அடைத்தது. அவர் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். கல்லூரியின் அனுமதிதான் இல்லை. 1610இல் நீதிபதி எட்வர்டு கோக், சிறைவைத்தது செல்லாது என்றார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு முக்கியம்: அபராதத்தில் பாதி கல்லூரிக்கே போகிறது, வழக்காளியே நீதிபதியாக இருக்கமுடியாது. 400 வருஷத்துக்கு முந்தின கேள்வி. இன்றைக்கும் யார் மருத்துவர் என்று முடிவு செய்வது மருத்துவர்கள் நிறைந்த சபைதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 1542-43 சட்டம். அறுவை வைத்தியர்கள் தங்கள் லாபத்தையே பார்த்துக்கொண்டு, மூலிகை தெரிந்து ஏழைகளுக்கு உதவுகிறவர்களை வழக்குப் போட்டு வாட்டுகிறார்கள் என்று பாராளுமன்றமே குற்றம் சாட்டியது. வெளிப்புண், வீக்கம் போன்றவற்றுக்கு அப்படிப்பட்டவர்கள் வைத்தியம் பார்க்கலாம் என்று அனுமதித்தது. எதுவரை போகலாம், எது கூடாது என்று எல்லை வகுத்து அவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம் நாட்டுச் சட்டத்துக்கு இந்தப் புத்தி வரவே இல்லை.

அங்கே நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் 1540இல் ஒரே சங்கமாக இருந்தார்கள். 1745இல் பிரிந்தார்கள். அறுவைக்காரர்கள் 1800இல் ராயல் கல்லூரி ஆனார்கள். கத்தி பிடித்த கைக்கு மரியாதை வந்தது. அங்கே நெசவாளி ஏழையாக இருந்தான், பெண் அடங்கிக் கிடந்தாள். ஆனால் தொட்டால் தீட்டு என்று அவர்களை ஒதுக்கவில்லை. இங்கே அந்த இடத்தில்தான் கதை மாறுகிறது.

இங்கேயும் நாவிதரே அறுவை வைத்தியர், அவர் வீட்டுப் பெண்ணே மருத்துவச்சி. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் அம்பட்டர் பகுதியில் இது பதிவாகியிருக்கிறது. மனு என்ன சொன்னான்? வைத்தியத்தை அம்பஷ்டனுக்கு ஒதுக்கினான். நான்காம் அத்தியாயத்தில் வைத்தியன் கொடுக்கும் சோற்றைச் சீழுக்குச் சமம் என்றான். மூன்றாம் அத்தியாயத்தில் அவனைத் திவசச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாதே என்றான். சீழையும் ரத்தத்தையும் தொடுகிறவன் தீண்டத்தகாதவன். அப்புறம் அந்தத் தொழிலில் காசும் கௌரவமும் வந்ததும் யார் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கு ‘மருத்துவர்’ என்பது தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு சாதியின் பெயர். சாதிச் சான்றிதழில் மருத்துவர் என்று எழுதிக்கொள்ளலாம். அதையே கடைப் பலகையில் எழுதினால் போலீஸ் வரும்.

சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது 1914இல். அந்த ஆண்டு மே மாதம்தான் பண்டிதர் அயோத்திதாசர் இறந்தார். அவர் சித்த வைத்தியர். குருவிடம் கற்று, கைப்பழக்கத்தால் தேர்ந்து, மருந்து கொடுத்து வாழ்ந்தவர். 1907இலிருந்து சாகிறவரை ‘தமிழன்’ பத்திரிகையை நடத்தியவர். இன்றைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். 2005இல் திறந்தார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் கற்ற முறையில் மட்டும் கற்ற ஒருவர் இன்று அந்த மருத்துவமனை வாசலில் நாடி பிடித்துப் பார்த்தால் அவர் போலி. அயோத்திதாசரே வந்தாலும் அவர் பெயர் வைத்த கட்டடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது.

நாட்டு வைத்தியத்தை ஆராய 1921இல் உஸ்மான் குழு அமைக்கப்பட்டு 1923இல் அறிக்கை தந்தது. அதன் பிறகு அரசு நாட்டு வைத்தியப் பள்ளி வந்தது. ஏடு வைத்திருந்தவன், சாஸ்திரம் பேசத் தெரிந்தவன் பதிவேட்டுக்குள் போனான். கொடி அறுத்தவளும், எலும்பு கட்டினவனும், மாட்டு வைத்தியம் பார்த்தவனும் வெளியே நின்றார்கள். எழுத்து இருந்தால் மருத்துவம், கை மட்டும் இருந்தால் கைவேலை. நமக்கு எழுத்தை மறுத்தவர்களே, எழுத்து எங்கே என்று கேட்டார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. அதை நீக்கிவிட்டு வந்த 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அபராதத்தை 5 லட்சம் வரை உயர்த்தியது. பரம்பரை வைத்தியர்கள் தகுதியும் பதிவும் இல்லாமல் தொழில் செய்யமுடியாது என்று கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. ஓமியோபதி படித்துவிட்டு ஆங்கில மருந்து கொடுத்து ஒருவர் உயிர் போன வழக்கில், தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் செய்கிறவர் போலியே என்று 1996இல் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த 1996 தீர்ப்பை நான் ஏற்கிறேன். அது சாவைப் பார்த்துவிட்டுப் பேசியது. ஆனால் 2010இல் சித்தா, ஆயுர்வேதம் படித்துப் பதிவு செய்தவர்கள் ஆங்கில மருந்தும் கொடுக்கலாம் என்று தமிழக அரசு ஆணை போட்டதே, அது எப்படி? பட்டம் வைத்திருக்கிறவன் கேட்டால் எல்லைக்கோடு நகர்கிறது. கம்பவுண்டருக்கும் மருத்துவச்சிக்கும் ஓர் அங்குலம் நகர்ந்ததுண்டா?

2019 சட்டத்தின் 32ஆம் பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளர் என்று ஒரு வகையினருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்று சொல்லுகிறது. உடனே டாக்டர்கள் சங்கம் தெருவுக்கு வந்தது. போலிகளுக்குச் சட்ட அங்கீகாரமா என்றார்கள். அப்படிக் கேட்டவர்களில் எத்தனை பேர் கிளினிக்கில் படிக்காத கம்பவுண்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சனங்கள் ஏன் ஊசிக்காரரிடம் போகிறார்கள்? அறியாமை என்று பத்திரிகை எழுதுகிறது. பள்ளிபாளையத்துக்கோ திருச்செங்கோட்டுக்கோ வந்து பாருங்கள். தறிப்பட்டறையில் 12 மணி நேர ஷிப்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளி பார்க்கிற நேரம் முழுக்க ஷிப்டுக்குள்ளேயே போய்விடுகிறது. ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஊசிக்காரர் கடன் சொன்னாலும் பார்க்கிறார். உட்காரச் சொல்லுகிறார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார். ‘என்னம்மா, சாப்பிட்டியா?’ என்று கேட்கிறார். தொட்டுப் பார்க்கிற வைத்தியன் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. தூர நின்று சீட்டெழுதுகிற கை எது, நாற்றம் என்று முகம் சுளிக்கிற மூக்கு எது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும்.

இது எங்கள் மாவட்டத்துக் கதை மட்டுமல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அலோபதி டாக்டர் என்று தொழிலைச் சொன்னவர்களில் இந்தியா முழுக்க 100க்கு 57 பேருக்கு மருத்துவப் படிப்பு இல்லை. கிராமங்களில் படிப்பு இருந்தவர்கள் 100க்கு 19 பேர்தான். இத்தனை பேரையும் கைது செய்ய எந்தச் சிறை போதும்? செய்யப்போவதும் இல்லை. டெங்கு வந்து சாவு விழும்போதும், செய்தியில் அடிபடும்போதும் சிலரைப் பிடித்து மேசை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அரசாங்கம் ஏதோ செய்கிறது என்று காட்ட ஒரு முகம் வேண்டும். அந்த முகம் சங்கம் இல்லாத, வக்கீல் இல்லாத, ஆள் பலம் இல்லாத முகமாக இருந்தால் வசதி.

பலகை இருந்தால் என்ன நடக்கும்? 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறிக் கூலிகளின் கிட்னி விற்பனை வெளியே வந்தது. கடன்காரனுக்குப் பயந்து சிறுநீரகத்தைக் கொடுத்தவர்கள். தேடப்பட்டதும் பிடிபட்டதும் முதலில் புரோக்கர்கள். இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தை அரசு நிறுத்திவைத்தது. கிட்னியை எடுத்தது பத்தாவது படித்த ஊசிக்காரனா? வயிற்றைக் கிழித்து எடுத்து இன்னொரு வயிற்றில் வைக்க எத்தனை பட்டம் வேண்டும்! எங்கள் ஆட்களின் உடம்பைப் போலியும் கெடுக்கிறான், அசலும் அறுக்கிறான். போலி மாட்டினால் சிறை, அசல் மாட்டினால் உரிமம் நிறுத்திவைப்பு.

இந்த இடத்தில் இரண்டு பக்கத்துத் தோழர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஒரு பக்கம், அறிவியல் அறிவியல் என்று சொல்லி ரெய்டுக்குக் கைதட்டுகிறவர்கள். அறிவியல் வேண்டும்தான். ஆனால் அறிவியல் எம்.பி.பி.எஸ். சீட்டு வழியாகத்தான் வரும் என்றால் அந்தச் சீட்டு யாரிடம் இருந்தது? அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததே 2009இல்தான். அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. நடுவில் 2017இலிருந்து நீட். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு 2020இல் வந்ததால் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். எங்கள் காலனியிலிருந்து இன்றுவரை ஒருவர்கூட டாக்டருக்குப் படிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று கேட்பதா அறிவியல்?

இன்னொரு பக்கம், மரபு, பாட்டி வைத்தியம், இயற்கைப் பிரசவம் என்று மயங்குகிறவர்கள். அவர்களுக்கு அம்மாயியின் கை வேண்டும், அவள் மேல் தெளித்த மஞ்சள்தண்ணியைப் பற்றிப் பேசவேண்டாம். அவள் வாங்கின ஒரு வள்ளம் கம்பைப் பற்றிப் பேசவேண்டாம். அம்மாயி கையிலும் பிள்ளைகள் செத்திருக்கின்றன, தாய்கள் செத்திருக்கிறார்கள். அவளே சொல்லி அழுதிருக்கிறாள். அவளுக்கு ரத்தமும் வண்டியும் டாக்டரும் பக்கத்தில் இருந்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். அவளைத் தெய்வமாக்கவேண்டாம். சம்பளம் கொடுத்து, மேற்கொண்டு சொல்லிக்கொடுத்து, வார்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் போதும்.

இது நடக்காத காரியம் இல்லை. மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் பட்டமில்லாத வைத்தியர்கள் 304 பேரை ஓர் ஆய்வில் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் நோயைச் சரியாகக் கையாளுவது கூடியது. ஆனால் தேவையில்லாத மருந்து கொடுப்பது குறையவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன். பயிற்சி மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இவை. குற்றத்தைப் பலகையை வைத்து அளக்காதே, கேட்டை வைத்து அள. ஸ்டீராய்டு கொடுத்து எலும்பை மக்க வைத்தவனைத் தண்டி. அந்த மருந்தை அவனுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுத்த மொத்த வியாபாரியையும் அதே மேசை முன்னால் நிறுத்து. படிக்காத ஆளை வைத்துக் கிளினிக் நடத்துகிற டாக்டரின் பதிவை முதலில் கேள்வி கேள். வருஷக்கணக்காகக் கிளினிக்கில் வேலை செய்தவர்களுக்குத் தேர்வு வை, பயிற்சி கொடு, எது கூடும் எது கூடாது என்று எழுதி வரம்புக்குட்பட்ட உரிமம் கொடு. 32ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எஞ்சியிருக்கிற மருத்துவச்சிகளுக்கு ஓய்வூதியம் கொடு. தறிப்பேட்டைகளில் ராத்திரியில் டாக்டர் இருக்கிற சுகாதார நிலையம் திற. பிரசவ வார்டில் சாதி சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைச் சட்டத்தில் வரும் என்று வார்டுச் சுவரில் எழுதிப்போடு.

இதை எழுதும்போது அந்த அண்ணன் ஜாமீனில் வெளியே வந்து ராத்திரி ஷிப்டுத் தறி ஓட்டுகிறார். வழக்கு நடக்கிறது. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். செய்தியில் வந்த படத்தை அவர் பையனோடு படிக்கிறவர்கள் இன்னும் செல்போனில் வைத்துக்கொண்டு காட்டுகிறார்களாம். பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

லைன் வீடுகளுக்கு எதிரே இருந்த அறைக்கு வைத்த சீலை எடுத்தாகிவிட்டது. ‘அந்த வீதியில இப்ப வேற ஆளு வந்து உக்காந்திருக்காரு. அவருகிட்ட எல்லா வலிக்கும் ஒரே ஊசிதானாம்’ என்றார் அண்ணன். கிழங்கு மில்லு வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக அங்கேதான் போகிறார்கள். நான் பார்த்தபோது பதினோரு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு.